கரூர் மட்டும் வரல

கொஞ்சம் தள்ளி உக்காருங்ணா. பையை மடியிலேயே வச்சுக்கறேன், மேல வேண்டாம். லேப்டாப் இருக்குது. சிங்காநல்லூர்ல ஏறும்போதே சீட்டு கிடைச்சதே பெருசு. நீங்க திருச்சி வரைக்குமா? நான் கரூர்ல இறங்கிக்குவேன். சம்சாரம் அங்க அவங்க அம்மா வீட்ல இருக்கா. கூப்பிடப் போறேன்.

சண்டையெல்லாம் இல்லீங்ணா. சண்டைன்னா ஒரு காரணம் வேணும்ல. குடிக்கிறேனா, கை நீட்டினேனா, வேற பொம்பளை பின்னால போனேனா? ஒண்ணும் கிடையாது. ஒரு இட்டரேட்டருக்காக ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா, நீங்களே சொல்லுங்க. இருங்க, நான் சொல்லி முடிச்சுக்கறேன், அப்புறம் சொல்லுங்க.

இட்டரேட்டர்னா என்னன்னு கேக்கறீங்க. நியாயந்தான். நாங்க ரெண்டு பேருமே கம்ப்யூட்டர் வேலைங்க. டி.வி.ல செய்தி படிக்கிறாங்கல்ல, அவங்க கண்ணுக்கு நேரா கேமராகிட்ட எழுத்து ஓடும். அதைப் பாத்துத்தான் படிப்பாங்க. மனப்பாடம்னு நினைச்சீங்களா? அந்த எழுத்தை ஓட விடற சாஃப்ட்வேர்தான் எங்க ஆபீஸ்ல செய்யறோம். சின்ன ஆபீஸு. லோக்கல் கேபிள் சேனல் நாலஞ்சு எங்ககிட்டத்தான் வாங்குது.

செய்தி மொத்தமா ஒரே மூட்டையா வரும். அதை வரி வரியாப் பிரிக்கணும். முன்னெல்லாம் மொத்தத்தையும் ஒரே வெட்டா வெட்டி அடுக்கி வச்சுட்டு, அப்புறம் ஒவ்வொண்ணாக் காட்டும். சேனல்ல இருக்கறது எல்லாம் ஓட்டைக் கம்ப்யூட்டர். நீளமா ஏதாச்சும் வந்தா மூச்சு முட்டி நின்னுக்கும். படிக்கிற பொண்ணு கேமராவைப் பாத்து முழிச்சுட்டு உக்காந்திருக்கும். அதனால எங்க முதலாளி குழந்தைவேல் சார் சொன்னாரு, திருமூர்த்தி, நீ புதுசா ஒண்ணு எழுதுன்னு. திருமூர்த்தி நான்தாங்க.

பரோட்டாக் கடையை நினைச்சுக்குங்க. மாஸ்டர் காலையிலேயே எல்லாத்தையும் சுட்டு அடுக்கி வச்சா இடம் பத்துமா? நீங்க ‘அடுத்தது’ங்கறீங்க, அவரு ஒண்ணு சுட்டுப் போடறாரு. மறுபடி ‘அடுத்தது’. மறுபடி ஒண்ணு. மாவு தீந்தா, தீந்துருச்சுங்கறாரு. அவ்வளவுதான் இட்டரேட்டர். கேட்டா அடுத்த வரியைக் குடுக்கணும், முடிஞ்சா முடிஞ்சுதுன்னு சொல்லணும். ரெண்டே வேலை. கேக்க லேசா இருக்கும். ரெடிமேடா இருக்கறதை எடுத்துப் போடாம சொந்தமா எழுதினேன் பாருங்க, அதுலதான் இருக்குது சாமர்த்தியம்.

எழுத்து எழுத்தாப் போகும். என்டர் தட்டின இடம் வர்ற வரைக்கும் கையில சேத்துக்கும். என்டர் வந்ததும் சேத்த வரியைத் தூக்கிக் குடுத்துட்டு அடுத்த வரிக்குக் கை நீட்டும். குழந்தைவேல் சார் பாத்துட்டு, திருமூர்த்தி போட்டா நிக்கும்டான்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு. அன்னிக்கு ஆபீஸ்ல எல்லாருக்கும் நான்தான் போண்டா வாங்கிக் குடுத்தேன். தாரணிக்கு ரெண்டு.

தாரணிதான் சம்சாரம். ஒரே ஆபீஸு. எனக்கு அப்புறம் சேந்தவ. கல்யாணம் ரெண்டு வீட்டுலயும் பேசித்தான் நடந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே பேசி வச்சிருந்தோம், புரியுதுல்ல. நல்ல பொண்ணுங்க. குறை சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு, பேச்சுதான். இழுத்து இழுத்துப் பேசுவா. மேட்டர் எங்க இருக்குன்னா கடைசியில இருக்கும். ‘ஏங்க, இன்னிக்கு மார்க்கெட் போனேங்க, அங்க நம்ம கீழ் வீட்டு அக்காவைப் பாத்தேங்க, அவங்க சொன்னாங்க’ன்னு போகும். எனக்கு முதல் பாதியிலயே தெரிஞ்சிடும் என்ன சொல்ல வர்றான்னு. சரி சரி, புரிஞ்சுதுன்னு நானே முடிச்சு விட்ருவேன். அவளுக்கும் வாய் வலி மிச்சம்.

எங்க தொழில்ல ஒரு பழக்கமுங்க. எழுதினது ஓடுதான்னு பாக்கறதுக்கு ஆளாளுக்கு ஒரு ஃபைல் வச்சிருப்போம். சிலர் சினிமாப் பேரு வைப்பாங்க, சிலர் ஹோட்டல் மெனு. நான் எங்க ஊருக்குப் போற பஸ் நிக்கற ஊருங்களை வச்சிருப்பேன். உக்கடம், ஈச்சனாரி, கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, கோமங்கலம், உடுமலை. வரிக்கு ஒண்ணு. உடுமலை வந்துட்டா நான் எழுதின கோடு, அதான் புரோகிராமு, சரி. தாரணி வேலையில சேந்தப்ப அதைப் பாத்துச் சிரிச்சா. அப்புறம் அவளும் ஒண்ணு வச்சுக்கிட்டா. இதே ரூட்டு. சூலூர், பல்லடம், காங்கயம், வெள்ளகோவில், கரூர். நாங்க பேச ஆரம்பிச்சதே அந்த ரெண்டு ஃபைலை வச்சுத்தான்னு வைங்களேன்.

பல்லடம் தாண்டிட்டோமா? தாண்டிட்டோம் போல.

ஒரு நாள் சாப்பிடறப்ப சொன்னா. ‘ஏங்க, உங்க இட்டரேட்டர்ல என் ஃபைலைப் போட்டேங்க. சூலூர் வந்துச்சு, பல்லடம் வந்துச்சு, காங்கயம், வெள்ளகோவில் எல்லாம் வந்துச்சு. கரூர் மட்டும் வரலைங்க. கடைசியில என்டர் இல்லைன்னா அது’ன்னா. நான் உடனே சொன்னேன், உன் ஃபைல்லதான் கோளாறு, கடைசியில ஒரு என்டர் தட்டுன்னு. என் ஃபைல்ல ஏன் உடுமலை வருது? நான் ஃபைலை டைப் பண்ற சாஃப்ட்வேரு கடைசியில தானா ஒரு என்டர் போட்டுக்கும். ஒழுங்கா இருக்கறவனுக்கு ஒழுங்கா வேலை செய்யும். இதுல நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? மறுபடி ஒரு தரம் ஆரம்பிச்சா, வண்டியில போறப்ப. ஹெல்மெட் போட்டிருந்தேன், சரியாக் காதுல விழல. மூணாந்தரம் ஆரம்பிச்சப்ப, அதான் என்டர் தட்டச் சொன்னனேன்னு முடிச்சு விட்டேன். அப்புறம் அவ சொல்லல. சொல்லலைன்னா சரியாயிருச்சுன்னுதான அர்த்தம்?

சேனல்லயும் நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. அங்க டைப் பண்ற அம்மா ஒருத்தங்க, பழைய ஆளு, எதை அடிச்சாலும் கடைசியில ரெண்டு என்டர் தட்டித்தான் கையை எடுப்பாங்க. தங்கமான பழக்கம். அவங்க மக பிரசவத்துக்குன்னு லீவுல போனாங்க. அவங்க இடத்துல உக்காந்தவன் போன்ல வர்ற செய்தியை அப்படியே எடுத்து ஒட்டறவன். என்டராவது மண்ணாவது. அன்னிக்குப் பாத்து ஒரு சிறுத்தைச் செய்தி வந்துச்சு.

மலையடிவாரத்துல ஒரு ஊரு. பேரு வேண்டாம். அங்க சிறுத்தை சுத்துதுன்னு பேச்சு. ‘குட்டியுடன் நடமாடியதைப் பலர் பார்த்ததாகக் கூறினர், வனத்துறையினர் விரைந்து சென்று சோதனை நடத்தினர்’ வரைக்கும் ஓடுச்சு. அதுக்கு அடுத்த வரி, அதுதான் கடைசி வரி, ‘அது காட்டுப்பூனை எனத் தெரியவந்ததால் மக்கள் நிம்மதி அடைந்தனர்’. அந்த வரி ஓடல. படிக்கிற பொண்ணு ஒரு நிமிஷம் பாத்துச்சு, ஒண்ணும் வரலைன்னதும் அடுத்த செய்திக்குப் போயிருச்சு. அந்தப் பொண்ணு என்ன பண்ணும் பாவம்.

அவ்வளவுதாங்க. மறுநாள் அந்த ஊர்ல ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகல. பால் ஊத்தப் போறவங்க தீப்பந்தம் எடுத்துட்டுப் போனாங்களாம். ஒரு ஆளு மரத்து மேல ஏறிட்டு, காட்டுப்பூனை வந்து கீழ உக்காந்ததும் இறங்கவே மாட்டேன்னுட்டாராம். சேனல்காரங்க குழந்தைவேல் சாரைக் கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. எங்களை விட்டே போறோம்னுட்டாங்க. அவரு முகத்துல ஈயாடல. என்னைக் கூப்பிட்டாரு. நான் சொன்னேன், டைப் பண்றவனை என்டர் தட்டச் சொல்லுங்க சார்னு. சரியான பதில்தானுங்க?

அப்பத்தான் தாரணி எந்திரிச்சா. ‘சார், மாவு தீந்துருச்சுன்னு கடையை மூடறோம், ஆனா கல்லுல ஒண்ணு வெந்துட்டு இருக்குது. அதையும் குடுத்துட்டுத்தான் தீந்துருச்சுன்னு சொல்லணும்’னா. என் பரோட்டாங்ணா அது. நான்தான் அவளுக்குப் பரோட்டா வச்சு இட்டரேட்டரை விளக்கினது. என் பரோட்டாவை எடுத்து என் முன்னாடியே சுடறா.

அதோட விட்டாளா? புதுசா ஒரு இட்டரேட்டரை எடுத்துக் காட்டினா. ஏற்கெனவே எழுதி வச்சிருந்தா. கேட்டுக்குங்க, ஏற்கெனவே. எனக்குத் தெரியாம, என் வீட்டு டைனிங் டேபிள்ல உக்காந்து, நான் கிரிக்கெட் பாக்கற நேரத்துல எழுதியிருக்கா. கேட்டா, உங்ககிட்ட சொல்லத்தாங்க வந்தேன்ங்கறா. சொல்ல வந்தவ சொல்லியிருக்கணும்ல?

எங்க ஆபீஸ்ல ஒருத்தர் எழுதினதை எடுத்துட்டு இன்னொருத்தர் எழுதினதைப் போட்டா, ஸ்கிரீன்ல பழசு சிவப்பாத் தெரியும், புதுசு பச்சையாத் தெரியும். என்னுது பக்கம் பக்கமா சிவப்பு. அவளுது கீழ ஒரு துண்டு பச்சை. கறிவேப்பிலைக் கொத்து மாதிரி. அவ்வளவு சின்னது. குழந்தைவேல் சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி போட்டுப் பாத்தாரு. ‘தாரணி, எவ்வளவு அழகா இருக்குதம்மா’ன்னாரு. நான் எழுதினதை நிக்கும்னு சொன்னாரே தவிர அழகுன்னு சொன்னதே இல்லை.

பொறாமையா? எனக்கா? என்னங்ணா நீங்க. கட்டின பொண்டாட்டி மேல யாராவது பொறாமைப்படுவாங்களா. அவ வளந்தா எனக்குத்தான பெருமை. ஊரெல்லாம் சொன்னேன், எங்க தாரணி எழுதினதுன்னு. சொல்லும்போது உள்ளுக்குள்ள எரிஞ்சுதுங்க. மறைக்க என்ன இருக்கு, எரிஞ்சுது. ஆனா பொறாமை இல்லை.

முன்னாடி குழந்தைவேல் சார் அவர் ரூம்ல இருந்து வெளிய வந்தா நேரா என் நாற்காலிக்குத்தான் வருவாரு. இப்பவும் அதே வழியாத்தான் வர்றாரு. நான் பாதி எந்திரிப்பேன். அவர் என்னைத் தாண்டி அவகிட்டப் போவாரு. பாதி எந்திரிச்சவன் என்ன பண்றது? சும்மா உக்காந்தா அசிங்கமா இருக்கும். தண்ணி குடிக்கப் போற மாதிரி போயிடுவேன். அந்த மாசம் நான் குடிச்ச தண்ணிக்கு அளவே இல்லை.

வீட்டுலயும் அதே எரிச்சல்தான். அவ தோசை சுடுவா. முன்னாடியும் சுட்டவதான். இப்ப அவ கடைசி மாவையும் வழிச்சு ஊத்தி, குட்டியா ஒரு தோசை எடுத்து என் தட்டுல வைக்கும்போது, என்னைக் குத்திக் காட்டறாளோன்னு இருக்கும். பச்சை மாவை அப்படியே கழுவி ஊத்தியிருந்தாக்கூட நிம்மதியாச் சாப்பிட்டிருப்பேன்.

அப்புறம் சார் என்ன பண்ணாரு, அவ எழுதினதை மட்டும் தனியா எடுத்து இன்டர்நெட்ல போட்டாரு. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு. எங்க தொழில்ல அது ஒரு மரியாதை. போட்டதும் எங்கெங்கயோ இருந்து எடுத்தாங்க. பாராட்டி எழுதினாங்க. ஒருத்தன், பேரு ஊரு தெரியாதவன், ‘இதைப் படிக்கவே சந்தோஷமா இருக்கு’ன்னு எழுதியிருந்தான். பாருங்க, நான் சம்சாரத்தைச் சந்தேகப்படற ஆள் இல்லை. அவளை எவனாவது அழகுன்னு சொல்லியிருந்தா, அட போடா, எனக்குத் தெரியாததான்னு போயிருப்பேன். அவ எழுதின கோடு அழகுன்னா தாங்க முடியலீங்க. அதுல எனக்குப் பங்கே இல்லையே.

அதனால விக்டர் வந்தான்.

விக்டர்னா யாருமில்லை, நான்தான். இன்டர்நெட்ல பேரு வச்சுக்கறது நம்ம இஷ்டம்தான. விக்டர்னு வச்சேன், ஊரு பெர்லின்னு போட்டேன். கம்பீரமா இருக்கட்டும்னு. அந்தப் பேர்ல போய் எழுதினேன், இந்த இட்டரேட்டர் சரியில்லைன்னு. அவ்வளவுதான் எழுதினேன். அவ ஆடிப்போவான்னு நினைச்சேன். ‘நன்றி விக்டர், எந்த இடத்துல சரியில்லைன்னு சொல்ல முடியுமா’ன்னு மரியாதையாக் கேட்டா. நான் சோபாவுல இருக்கேன், அவ டைனிங் டேபிள்ல இருக்கா. நடுவுல ஃபேன் சுத்துது. அங்க இருந்து பெர்லினுக்குப் பதில் எழுதறா.

எந்த இடம்னு எனக்கென்ன தெரியும். ஏதோ ஒண்ணைக் கேட்டேன். வரி முடியறதுக்கு ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் ஒவ்வொரு அடையாளம் இருக்குதே, அதையெல்லாம் எப்படிச் சமாளிக்கறீங்கன்னு. நீளமாப் பதில் எழுதினா. நான் முழுசாப் படிச்சேன். படிச்சுத்தான ஆகணும், குறை கண்டுபிடிக்க வேண்டாமா? முதல்ல இங்கிலீஷ்ல போச்சு. அப்புறம் விக்டர் தனக்குத் தமிழ் தெரியும்னு சொல்லிட்டான். சொல்லிட்டேன். அதுக்கப்புறம் தமிழ்லயே எழுத ஆரம்பிச்சா. என்னா தமிழுங்க அது. எதை ஏன் அப்படி எழுதினா, எதை எழுதிட்டு அழிச்சா, வரி கையில இருக்கும்போது மாவு தீந்தா என்ன பண்ணணும்னு ஒரு தரம் யோசிச்சு யோசிச்சுத் தலைவலியே வந்துருச்சாம். எனக்குத் தெரியவே தெரியாது அவளுக்குத் தலைவலி வந்தது. விக்டருக்குத் தெரியுது.

தினமும் சாயங்காலம் நான் காத்திருக்க ஆரம்பிச்சுட்டேன். அவ டைப் பண்ற சத்தம் கேட்டா மனசு குதிக்கும். அவ ஸ்கிரீனைப் பாத்துச் சிரிப்பா. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும். அவனைப் பாத்துச் சிரிக்கறாளே. நமக்கு இப்படி ஒரு தரமாவது உக்காந்து விளக்கியிருக்காளா? நம்மகிட்ட வந்தா சூலூர், பல்லடம்னு ஆரம்பிக்கத்தான் தெரியும். அவன்கிட்ட மட்டும் வண்டி கரூர் வரைக்கும் போகுது.

ஒரு நாள் கேட்டே விட்டேன். யாரு அந்த விக்டரு, ரொம்ப நீளமா எழுதிட்டு இருக்கியாமேன்னு. அவ தலையைக் கூடத் தூக்கல. ‘நான் எழுதறதைக் கடைசி வரைக்கும் படிக்கறாருங்க’ன்னா. பாத்தீங்களா? புருஷன் முன்னாடி இன்னொருத்தனுக்கு சர்ட்டிபிகேட்டு. அது நான்தாங்கறது வேற விஷயம். அவளுக்குத் தெரியாதுல்ல?

நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க. அனுபவிச்சாத்தான் தெரியும். காங்கயம் வந்துருச்சு, டீ குடிக்கறீங்களா? வேண்டாமா. சரி.

அவளை எப்படியாவது ஒரு தரம் மடக்கணும்னு, ஒரு நாள் விக்டர் எழுதினான், என்கிட்ட ஒரு ஃபைல் இருக்குது, அதுல உங்க இட்டரேட்டர் தப்பா ஓடுதுன்னு. அனுப்புங்கன்னா. அவசரத்துல கைக்குக் கிடைச்சதை அனுப்பிட்டேன். கை பழக்கம் பாருங்க. என் டெஸ்ட் ஃபைலே போயிருச்சு.

பெர்லின்ல இருக்கறவன் உக்கடம், ஈச்சனாரி, கிணத்துக்கடவுன்னு அனுப்பறான்.

அவ திறந்தா. படிச்சா. டைப் சத்தம் நின்னுருச்சு. நான் சோபாவுல இருந்து எட்டிப் பாத்தேன், அவ என்னைத்தான் பாத்துட்டு இருந்தா. திட்டல, கத்தல. உடுமலை வரைக்கும் படிச்சிருப்பா. அப்புறம் லேப்டாப்பை மெதுவா மூடிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினா. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினா. நானும் ஒண்ணும் கேக்கல. எதுக்கு நாமளா போய் வாயைக் குடுக்கணும்?

காலையில பையோட நிக்கறா. நாங்க இருக்கறது மூணாவது மாடி. லிஃப்டுக்கு வெளிய நானு, உள்ள அவ. அழுத மாதிரி இருந்துச்சு, ஆனா அழல. சொன்னா, ‘விக்டர் நல்லவருங்க. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் இருப்பாரு. அது நீங்கதான்னு தெரிஞ்சதும் எனக்குக் கோபத்தைவிட அழுகைதான் வந்துச்சு. உங்களால முடியும்னு தெரிஞ்சுபோச்சுல்ல. நான் கரூர் போறேங்க. நீங்க அங்க வந்தீங்கன்னா’ன்னா.

எனக்கு வந்துச்சே கோபம். எவனோ ஒருத்தனை நல்லவன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றா. நான் எதுக்கு வரணும், நான் ஏன் உன் பின்னால வரணும்னு சத்தம் போட்டுட்டேன். அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்துச்சு. லிஃப்ட் கதவு மூடிருச்சு. அந்தக் கதவுல சின்னதா ஒரு கண்ணாடி உண்டு. அது வழியாப் பாத்தேன், அவ வாய் அசைஞ்சுட்டே இருந்துச்சு. நான் கத்தறப்பவும் அவ நிறுத்தல, சொல்லி முடிச்சுட்டா. எனக்குத்தான் கேக்கல. லிஃப்ட் இறங்கிருச்சு.

அதுக்கப்புறம் நான் சும்மா இல்லீங்ணா. ராவும் பகலும் அவ கோடுதான். துருவித் துருவிப் பாத்தேன். கண்டுபிடிச்சுட்டேன். நெசமாவே ஒரு தப்பு இருக்குது. கடைசியில என்டர் இருக்கற ஃபைலைப் போட்டா, எல்லா வரியும் குடுத்துட்டு, அதுக்கு மேல வெத்தா ஒரு வரி குடுக்குது. ஒண்ணுமே இல்லாத வரி. கல்லுல பரோட்டாவே இல்லை, வெறும் தட்டை நீட்டறா. உடுமலைக்கு அப்புறம் ஒரு காலி ஊரு. நல்லாப் பாத்துட்டேன். அது வேணும்னே வச்சது, படிக்கறவங்க மூச்சு வாங்கறதுக்கு அப்படி இப்படின்னு கீழ ஏதோ குறிப்பு எழுதியிருக்கா போல. முழுசாப் படிக்கல. படிச்சா என்ன, தப்பு தப்புதான? அதைக் காட்டத்தான் இந்த லேப்டாப்பு. அவங்க அம்மா வீட்டு ஹால்ல வச்சு, எல்லார் முன்னாடியும், மரியாதையாத்தான் காட்டுவேன். காட்டிட்டேன்னா ஆளுக்கொரு தப்பு, சரிக்குச் சரி. அப்புறம் வாம்மா போலாம்னு கூட்டிட்டு வந்துருவேன்.

போன்லயே சொல்லியிருக்கலாமேங்கறீங்க. சொல்லாம இருப்பேனா. முந்தாநாள் பண்ணேன். எடுத்தா. ‘ஏங்க, நானே உங்களுக்குப் பண்ணணும்னு’ன்னு ஆரம்பிச்சா. அதுக்குள்ள நான் அந்த வெத்து வரி மேட்டரைச் சொல்லிட்டேன். எனக்கு சந்தோஷம் தாங்கல. அவ போனை வச்சுட்டா.

என்ன கேக்கறீங்க? லிஃப்ட்ல என்ன சொன்னாளா? அதான் சொன்னனே, நீங்க அங்க வந்தீங்கன்னா, அப்படின்னா.

அதுக்கு மேல தெரியலீங்க.

வந்தீங்கன்னா கூடவே கிளம்பி வந்துடறேன்னு சொல்லியிருக்கலாம். வந்தீங்கன்னா கதவைத் திறக்க மாட்டேன்னும் சொல்லியிருக்கலாம். மேட்டரைக் கடைசியில வச்சுப் பேசறவங்களோட இதாங்க தொல்லை. பாதியை வச்சுட்டுச் சிறுத்தையா பூனையான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது. அவ வாய் அசைஞ்சதை நினைச்சு நினைச்சுப் பாக்கறேன். சில சமயம் சிரிச்ச மாதிரி தோணுது. சில சமயம் இல்லை. விக்டரா இருந்தா எழுதிக் காட்டியிருப்பா. அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். நேத்து அவன் பேர்ல போய்ப் பாத்தேன், அவனுக்கும் ஒண்ணும் எழுதல.

பயமா? எனக்கென்னங்ணா பயம். காலையில ஒண்ணும் சாப்பிடல.

வெள்ளகோவில் எப்பப் போச்சு? நான் பாக்கவே இல்லையே. அந்தா பாருங்க, பாலம் தெரியுது. கண்டக்டர் கரூர் கரூர்ங்கறாரு. கொஞ்சம் காலை மடக்கிக்குங்க, பையை எடுத்துக்கறேன்.

நீங்க பெரியவங்க. நாலு இடம் பாத்தவங்க. இவ்வளவு நேரம் பொறுமையாக் கேட்டீங்க. உங்களுக்கு என்ன தோணுது, அவ என்ன சொல்லியிருப்பா? நீங்களும் கட்டின சம்சாரத்தோட குடும்பம் நடத்தறவங்கதான, சொல்லுங்க. என்ன, ‘தம்பி, நீங்க போனதும் முதல்ல’ங்கறீங்களா?

சரிங்ணா, புரிஞ்சுது. புரிஞ்சுது. விசில் அடிச்சுட்டாரு, நான் இறங்கறேன்.